வெயிலுக்குப் பட்டா

2004 ஆடி மாதத்தில், கொடைக்கானல் மலையில் போளூருக்கு மேலே உள்ள ஊசிமேட்டில் இறங்கிய மேகம் அப்புறம் எழுந்து போகவேயில்லை. வெயில் முருகம்மாள் வீட்டின்மேல் மட்டும் அடித்தது. மற்ற அறுபது வீடுகளிலும் பூண்டு அழுகியது, துணி நாறியது, பிள்ளைகள் இருமினார்கள். அவள் கூரைக்கு மட்டும் வெயில் காலை எட்டுக்கு வந்து மாலை ஆறுக்குக் கிளம்பியது, அரசு ஊழியரைவிட ஒழுங்காக.

முருகம்மாள் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவள். முப்பது வருடமாக அந்த மூன்று சென்டில் குடியிருந்தபடி பட்டாவுக்கு மனுப் போட்டுவந்தாள். மனு எழுதிக்கொடுத்தவர்களில் இரண்டு பேர் செத்தே போனார்கள். புறம்போக்கு என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார்கள். தன் பெயரில் ஒரு காகிதத்தைப் பார்க்காமல் சாவதில்லை என்று அவளும் அடமாக இருந்தாள். வெயில் வந்ததும் ஊர் அவளோடு பேச்சை நிறுத்தியது. முன்பும் அதிகம் பேசியதில்லை என்பதால் அவளுக்கு அது உடனே பிடிபடவில்லை.

மறு வருடம் சூரிய மின்சாரத் திட்டம் வந்தது. காட்டுக்குள் கம்பி இழுக்க வழியில்லாத ஊருக்கு அதுதான் கதி. முப்பது வருடம் எட்டிப்பார்க்காத வருவாய்த்துறைக்காரர் மறுநாளே சங்கிலியோடு வந்து நிலத்தை அளந்தார், வெயிலையும் அளந்தார். சர்வே எண்ணுக்கு எதிரே 'வெயில்: மூன்று சென்ட்' என்றெழுதி முத்திரை குத்தினார். தவறு அங்கேதான் நடந்தது. முத்திரை விழுந்த தவறைத் தவறென்று சொல்ல அங்கே ஆளில்லை.

ஊராட்சித் தலைவர் ஜெயச்சந்திரன் ஆட்களோடு வந்து நின்றார். "ஊருக்கே கரண்டு வரப்போவுது. வெரசா காலி பண்ணு. வந்த நாடு அங்கனதான கெடக்கு, போ."

"அங்க இருந்தப்ப இங்க போன்னாங்க. இங்க வந்தா அங்க போங்குறீங்க. நடுவுல கடல்தான் கெடக்கு, அதுலயா அடுப்பு மூட்டுறது?"

யாரோ சிரித்துவிட்டார்கள். ஆனாலும் அவள் சட்டிகளை வெளியே எறிந்துவிட்டுக் கூரையில் தகடுகளை ஏற்றினார்கள். முருகம்மாள் சட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு நடந்தாள். வெயிலும் எழுந்து அவள் பின்னாலேயே நடந்தது.

வட்டக்கானலில் விடுதி நடத்திய கிபாயத்துல்லா அவளைப் பாத்திரம் கழுவச் சேர்த்து, முதல் நாளே பாத்திரங்களை முற்றத்துக்கு மாற்றினார். வெள்ளைக்காரர்கள் அவளைச் சுற்றித் துண்டு விரித்துப் படுத்தார்கள். "அடுப்படிக்குள்ள மட்டும் போயிராதீங்கக்கா, கெஸ்ட்டெல்லாம் நடுங்குறாங்க" என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை.

ஊசிமேட்டுத் தகடுகளில் பாசி படர்ந்தது. இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஜெயச்சந்திரனே வந்தார். "பெரிய மனசு பண்ணி வாத்தா."

"மனசு கெடக்கட்டும். பட்டா எங்கங்க?"

முப்பது வருடமாகக் கிடைக்காதது பதினோரு நாளில் கிடைத்தது. சர்வே எண் உட்பட மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அவள் மலையேறினாள்.

மின்சாரம் வந்தது. ஊர் அவளை மன்னிக்கவில்லை. கல்யாணத்துக்கு அழைப்பில்லை, தெருவில் இன்னும் அவள் சிலோன்காரிதான். வருடம் திரும்புவதற்குள் பாட்டரிகள் செத்துப்போனதால் அவள் வீட்டிலிருந்தால் கரண்டு, வெளியே போனால் கட்டு. பிள்ளைகளுக்குப் பரீட்சை வரும் மாதத்தில் மட்டும், காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டுவதில்லை. மற்ற மாதங்களில் நினைத்த நேரத்துக்குக் கிளம்பிவிடுவாள். மதியத் தொடர் பாதியில் நின்றால் தலைவரின் மனைவி சண்முகவள்ளி பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"ஏ வேலுத்தாயி, வெயில் எங்கடி போயிருக்கு?"

"ரேஷன் கடைக்கு, மதினி. மண்ணெண்ண ஊத்துறாங்களாம்."

"வரிசை பெருசா?"

"பெருசுதான்."

சண்முகவள்ளி உள்ளே போய் உலை வைத்தாள்.