எதிர் நாற்காலி

சலூன்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது. ஊரே அவர் நாற்காலியில் உட்கார்ந்து மனதில் இருப்பதைக் கொட்டுகிறது. வீட்டில் "ம்" என்பதற்கு மேல் வாய் திறக்காத மனைவியோ, மனநல ஆலோசகரின் அறைக்குள் போனதும் மடை திறந்தாற்போல் பேசுகிறாள். மூடிய கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே அவள் கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். யாரிடம் இத்தனை உரிமை எடுத்துக்கொள்கிறாள்?

பொறுக்க முடியாமல் கதவைத் தள்ளினார். ஆலோசகர் அம்மா ஓரமாகச் சும்மா இருந்தார். மனைவி பேசிக்கொண்டிருந்தது எதிரே கிடந்த காலி நாற்காலியிடம்.

"யாரு இதுல?"

"நீங்கதான்," என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்தபடி. "உங்கள இதுல உக்கார வச்சதா நெனச்சுப் பேசச் சொன்னாங்க."

"அதான் நானே வந்துட்டேனே, சொல்லு," என்று உட்காரப் போனார்.

அவள் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்க. இவர் நடுவுல பேசறதில்ல."