இடது காதில் சிதார்

வேல்விழிக்கும் அருள்பாண்டிக்கும் கல்யாணமாகி மூன்று மாதம். தினமும் காலையில் விருதுநகரில் ஒரே பஸ் ஏறுவார்கள். அவள் திருத்தங்கலில் இறங்கி அச்சகத்துக்குப் போவாள். அவன் சிவகாசியில் பட்டாசுக் கம்பெனிக்கு.

அச்சகத்தில் அவளுக்குக் காலண்டர் வடிவமைக்கும் வேலை. கொல்கத்தா ஆர்டர் ஒன்றில் மாதத்துக்கு ஒரு வாத்தியப் படம். சரோட் என்ற தந்தி வாத்தியத்தின் படத்தைத் தலைகீழாக வைத்துவிட்டாள். ஆர்டர் கொடுத்தவர் கோபித்துக்கொள்ளவில்லை. சரோடும் சிதாரும் சேர்ந்து வாசித்த ஒலிப்பதிவு ஒன்றை அனுப்பி, "முதலில் இதைக் கேளுங்கள்" என்று எழுதியிருந்தார்.

கேட்டாள். அவசரமே இல்லாத இரண்டு பேர் பேச ஆரம்பித்தது போலிருந்தது. அருள்பாண்டியோடு அதைக் கேட்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

ஆசையோடு ஒரு மனத்தாங்கலும் இருந்தது. மறுவீட்டுக்கு வந்த அன்று பஸ்ஸில், "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று அவன் காதோரம் மெல்லச் சொல்லியிருந்தாள். அவன் பதிலே சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒலிப்பதிவைக் கேட்ட மறுநாள் காலை பஸ்ஸில் நல்ல கூட்டம். எப்போதும் அவளை வலப்பக்கம் உட்கார வைப்பவனுக்கு அன்று வலது வரிசையில் ஜன்னலோரம்தான் கிடைத்தது. அவள் அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, இயர்போனில் ஒன்றை அவன் இடது காதிலும் இன்னொன்றைத் தன் காதிலும் வைத்தாள். அவன் முழங்காலில் தாளம் போட்டான்.

ஆமத்தூர் தாண்டும்போது போனில் அவள் கை பட்டு வாசிப்பு நின்றுவிட்டது. அவள் வெகுநேரம் பார்த்தும் அவன் தாளம் நிற்கவில்லை.

"எப்படிங்க இருக்கு?" என்று சத்தமாகக் கேட்டாள்.

"அருமையா வாசிக்காக."

"நின்னு அஞ்சு நிமிசம் ஆச்சுங்க."

அவன் முகம் வாடிவிட்டது. "இந்தக் காது கேக்காது, வேலு. ஏழு வயசுல காய்ச்சல் வந்து போயிருச்சு. பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லியிருக்கணும். பெறகு, நீ என்ன நெனைப்பியோன்னு பயந்துட்டேன்."

"மூணு மாசமாவா மறைச்சீக?" கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் சட்டென்று கேட்டாள். "மறுவீட்டுக்கு வந்தப்ப இப்படித்தான் உக்காந்திருந்தோம். நான் ஒண்ணு சொன்னேனே, கேட்டுச்சா?"

"என்ன சொன்னே?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. "எந்திரிங்க. இங்கன வந்து உக்காருங்க" என்று இடம் மாறி, ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் வலது காதில் அதை மறுபடியும் சொன்னாள்.

அருள்பாண்டி அவள் கையைப் பிடித்தவன் விடவே இல்லை.

வாசிப்பை மறுபடி ஓடவிட்டு, "ரெண்டு பேரு வாசிக்காக, கேளுங்க" என்று அந்தக் காதில் இயர்போனை வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ரெண்டு பேருன்னியே, ஒருத்தர்தான வாசிக்காரு?" என்றான். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவன் பக்கம் சரோட் மட்டும், அவள் பக்கம் சிதார் மட்டும் வந்துகொண்டிருந்தது. போன் செட்டிங்கில் தேடித்தேடி இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாக்கினாள். சரோட் தணிந்த குரலில் ஏதோ கேட்க, சிதார் சிணுங்கிக்கொண்டு பதில் சொன்னது. அவன் கண் விரிந்தது.

"ஏ, இன்னொருத்தரும் இருக்காகளே!"

"திருத்தங்கல் எறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார்.

"வாசிப்பு முடியப்போகுதா?" என்றான் அவன்.

"இன்னும் இருபது நிமிசம் இருக்கு."

அச்சகத்துக்கு 'வரக் கொஞ்சம் லேட்டாகும்' என்று செய்தி அனுப்பிவிட்டு, கண்டக்டரைக் கூப்பிட்டு சிவகாசிக்கு ஒரு டிக்கெட் கேட்டாள் வேல்விழி.