பெற்றோர் அணி

இலுப்பைக்கடவைக்கும் பாப்பாமோட்டைக்கும் நடுவில், பெருந்தெருவை விட்டுக் கடல் பக்கமாக இறங்கினால் வரும் ஊர் அது. பெயரைச் சொல்லி அதற்கொரு மரியாதை தேடிக் கொடுப்பானேன்? கோயிலுக்கு வடக்கே ஒரு தெரு, தெற்கே ஒரு தெரு. வடக்குத் தெருவுக்கு ஒரு கரைவலை, தெற்குத் தெருவுக்கு ஒரு கரைவலை. ஒருவர் கண்ணில் ஒருவர் விழித்தால் அன்றைக்கு மீன் படாது என்று இரண்டு தெருவும் நம்பியது.

அந்த ஊருக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஒன்பதாம் வகுப்போடு அது முடிந்துவிடும். அதற்குமேல் பெடியன்கள் வலைக்குப் போவார்கள், பெட்டைகள் நண்டுக் கொம்பனிக்குப் போவார்கள். அன்ரோனெற் அந்தக் கொம்பனியில்தான் வேலை செய்தாள். அவித்த நண்டை உடைத்துத் தசை எடுக்கிற வேலை. விரல் முழுக்கக் கீறல்; எத்தனை சவர்க்காரம் போட்டாலும் கையில் வாடை போகாது. அவளுடைய மகள் செலீனா அந்த வருசம் ஒன்பதாம் வகுப்பு. அடுத்த வருசம் அவளுக்கும் கொம்பனியில் குந்தி நண்டு உடைக்க ஒரு வாங்கு காத்துக்கொண்டிருந்தது.

ஆனால் செலீனா ஓடுவாள். சும்மா ஓட்டமல்ல. கடற்கரை மணலில் அவள் ஓடுவதைப் பார்த்தால் நாய்கள்கூடத் துரத்துகிற எண்ணத்தை விட்டுவிட்டுப் படுத்துவிடும். இதை வலயக் கல்வி அலுவலகத்தின் விளையாட்டு அதிகாரி தில்லைநாதனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு நேரில் வருகிறேன், பெண்பிள்ளைகளின் ஆயிரத்து ஐந்நூறு மீற்றரைப் பார்க்கிறேன், நன்றாக ஓடினால் வலய அணிக்கு எடுக்கிறேன் என்று அவர் சொல்லியனுப்பினார். எடுபட்டால் மன்னார் ரவுனில் விடுதி, பெரிய பள்ளிக்கூடம், பயிற்சி எல்லாம் கிடைக்கும். அன்ரோனெற்றுக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை. மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். தன் பிள்ளையின் கை நண்டு நாறாமல் இருக்கவேண்டும் என்பதைத் தவிர அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

போட்டி என்றதும் ஊருக்குப் பிள்ளைகள் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. தேர்ச்சி அறிக்கை கொடுக்கிற நாளில் அதிபர் இரத்தினமும் அடுக்கி வைத்த கதிரைகளும்தான் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். ஒரு தகப்பன் எட்டிப் பார்க்கமாட்டான். ஆனால் விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளின் இல்லப் பந்தல்களைச் சோடிக்க வேண்டும் என்றதும் அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பிள்ளைகளை வளனார் இல்லம், சவேரியார் இல்லம் என்று சீட்டுப் போட்டுப் பிரிக்க அதிபர் நினைத்திருந்தார். விட்டார்களா? வடக்குத் தெருப் பிள்ளையும் தெற்குத் தெருப் பிள்ளையும் ஒரே நிறத்தில் சட்டை போடுவதா என்று வெகுண்டெழுந்து, வடக்குக்கு வளனார், தெற்குக்குச் சவேரியார் என்று தாங்களே பிரித்துக்கொண்டார்கள். வடக்கார் மட்டையால் ஒரு வெளிச்சவீடு கட்டினார்கள். தெற்கார் அதைவிட ஒரு முழம் உயரமாக மடுக் கோயிலைக் கட்டினார்கள். பிள்ளைகளைக் கிட்ட அண்டவிடவில்லை. தொட்டுப் பழுதாக்கிப் போடுவார்களாம்.

வளனார் இல்லத்துத் தளபதி வேறு யாருமில்லை, அன்ரோனெற்றின் புருசன் வலன்ரைன்தான். வீட்டில் ஒரு பல்ப் மாற்றத் தெரியாத மனுசன் அங்கே ஏணியில் நின்று கட்டளை போட்டான். "என்ர பிள்ளையின்ர இல்லம்" என்று வாய்க்கு வாய் சொன்னான். அந்தப் பிள்ளை காலையில் ஓடிப் பழகப் போகும்போது ஒரு நாளாவது கூடப் போனானா? குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தான்.

போட்டி நாளும் வந்தது. தில்லைநாதன் வெள்ளைத் தொப்பியோடு வந்து இறங்கினார். சின்னப் பிள்ளைகளின் ஓட்டங்கள் முடிந்தன. அடுத்தது ஆயிரத்து ஐந்நூறு மீற்றர். செலீனா இலக்கத் துண்டை முதுகில் குத்திக்கொண்டு, தோடம்பழச் சுளை ஒன்றைச் சப்பியபடி கோட்டருகே நின்று காலை உதறிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஒலிபெருக்கியில் அதிபரின் குரல் கேட்டது. பெற்றோரின் வேண்டுகோளுக்கு இணங்க, பெற்றோருக்கான கயிறிழுத்தல் முதலில் நடைபெறுமாம்.

அன்ரோனெற் விறுவிறென்று மேடைக்குப் போனாள்.

"சேர், பிள்ளையளின்ர ஓட்டத்தை முதல் விடுங்கோ. கயிறு பிறகும் இழுக்கலாம்தானே."

"பெற்றோரின்ர மனசை நோகடிக்கேலாது, அன்ரோனெற். பெற்றோர் பங்களிப்பு, பெற்றோர் பங்களிப்பு எண்டு மேலிடத்தில என்ன நெருக்கு நெருக்கினம் தெரியுமோ?"

"நானும் பெற்றோர்தானே, சேர்."

அதிபர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார்.

கயிறிழுத்தல் தொடங்கியது. வடக்குக்கு வலன்ரைன் தலைமை, தெற்குக்குக் கிறகரி. தில்லைநாதனையே மத்தியஸ்தராக நிறுத்தினார்கள். அவருக்கும் பெருமை தாளவில்லை. ஊதலை வாயில் வைத்துக்கொண்டு நடுக்கோட்டில் நின்றார்.

இந்த ஊர்க்காரர் கரைவலை இழுக்கிற விதம் ஒன்றிருக்கிறது. வரிசையாகக் கயிற்றைப் பிடித்துப் பின்பக்கமாக நடப்பார்கள். கடைசி ஆள் கரைமேட்டுக்கு வந்து சேர்ந்ததும் கயிற்றை விட்டுவிட்டு, தண்ணீரோரம் ஓடிவந்து முன்னுக்குப் பிடிப்பான். அடுத்தவனும் அப்படியே. மீசை முளைக்க முதல் பழகின பழக்கம். கையில் கயிறும் காலில் மணலும் பட்டால் புத்தி வேறு வேலை பார்க்காது.

அதுதான் நடந்தது. வடக்கார் "ஏலேலோ" போட்டு நாலு எட்டுப் பின்னுக்குப் போனதும், கடைசியில் நின்றவன் பந்தல் காலில் முதுகு முட்டக் கயிற்றை விட்டான். விட்டுவிட்டு ஓடிவந்து நடுக்கோட்டையும் தாண்டி, எதிரியின் பக்கத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தான்! தில்லைநாதன் ஊதினார். பிழை என்றார். இரண்டாம் இழுப்பில் தெற்காரும் அதையே செய்தார்கள். திரும்பவும் ஊதினார். பிடித்த இடத்தில் நின்றுதான் இழுக்கவேண்டும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

"கயிறு இழுக்கிறதுக்கு எங்களுக்குப் படிப்பிக்க வாறீரோ?" என்று கிறகரி சட்டையைக் கழற்றினான்.

வடக்கும் தெற்கும் ஒன்றுசேர்ந்த ஒரே விசயம் அதுதான்: பிழை விடுவது. மூன்றாம் இழுப்பில் பள்ளிக்கூடக் கயிறு அறுந்து, இரண்டு தெருவும் மல்லாக்க விழுந்தது. அத்தோடு முடிந்தது என்று அன்ரோனெற் மாதாவுக்கு நன்றி சொன்னாள். சொல்லி வாய் மூடவில்லை, "வலைக் கயிறு கொண்டு வாங்கோடா!" என்று வலன்ரைன் கத்தினான். உழவு இயந்திரம் கடற்கரைக்குப் பறந்தது.

வலைக் கயிறு நீளமல்லவா? இன்னும் ஆள் பிடிக்க இடமிருந்தது. பந்தலில் இருந்தவர்கள், சோடா விற்றவன், தாய்மார், பெரியம்மாமார் எல்லோரும் இறங்கினார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்கள். இங்கே ஊர் கூடித் தன் பிள்ளைகளின் காலையே இழுத்தது. ஓட்டப் பாதையில் சுண்ணாம்பால் போட்ட கோடுகள் எல்லாம் மிதிபட்டு அழிந்தன. பிள்ளைகள் கரையில் குந்தியிருந்து பெற்றோரை வேடிக்கை பார்த்தார்கள்.

"அம்மா, கால் விறைக்குது," என்றாள் செலீனா.

அன்ரோனெற் மைதானத்துக்குள் இறங்கி வலன்ரைனின் தோளைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, பொழுது படுகுது. பிள்ளை ஓடவேணும். விட்டுப்போட்டு வாங்கோ."

"பிள்ளைக்காகத்தானேடி இழுக்கிறன்! அவளின்ர இல்லம் தோத்தால் ஆருக்கு வெக்கம்?"

அவனுக்கு மூச்சு வாங்கியது, கண் சிவந்திருந்தது. இப்படி ஒரு வேகத்தோடு இந்த மனுசன் தன் குடும்பத்துக்காக ஒரு வாளி தண்ணீர்கூட அள்ளியதில்லை என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது.

கடைசியில் வடக்கு வென்றது. எப்படி வென்றது என்று கேட்கக்கூடாது. கிறகரியின் ஆட்கள் கதிரைகளைத் தூக்கினார்கள், அதிபர் செபம் சொன்னார், வளனார் இல்லத்துக்குக் கேடயம் கிடைத்தது. தில்லைநாதன் ஒலிவாங்கியைப் பிடித்து, "இப்பிடியொரு பெற்றோர் பங்களிப்பை நான் இந்த வலயத்திலேயே காணேல்லை," என்றார். கைதட்டல் வானத்தைப் பிளந்தது. கேடயத்தைக் கொடுக்கும்போது, "உங்கட பிள்ளை எத்தினையாம் வகுப்பு?" என்று வலன்ரைனிடம் அன்பாகக் கேட்டார். வலன்ரைன் திரும்பிப் பக்கத்தில் நின்றவனைக் கேட்டான்.

நேரமின்மை காரணமாக எஞ்சிய நிகழ்ச்சிகள் நடைபெறமாட்டா என்று அதிபர் அறிவித்தார். எஞ்சிய நிகழ்ச்சி ஒன்றே ஒன்றுதான்.

அன்ரோனெற் வாகனத்தடிக்கு ஓடினாள். செலீனா பின்னால் வந்தாள், முதுகில் இலக்கத்தோடு.

"சேர், என்ர பிள்ளை ஓடேல்லை. ஒருக்கால் பாத்திட்டுப் போங்கோ."

"இருட்டிப்போச்சு, அம்மா. வழியில ஆனை நிக்கும். கண்ணால பாக்காத பிள்ளையை நான் எப்பிடி எடுக்கிறது? அடுத்த வருசம் பாப்பம்."

"அடுத்த வருசம் அவள் இந்தப் பள்ளிக்கூடத்தில இல்லை, சேர்."

அவர் அதற்குள் யன்னல் கண்ணாடியை உயர்த்திவிட்டார். வாகனத்தின் பின்சீற்றில் ஊர் கொடுத்த கருவாட்டுப் பொதி இருந்தது. வலன்ரைன் கேடயத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வந்து, "இந்தா பிள்ளை, உனக்குத்தான்!" என்று மகளின் கையில் திணித்தான். செலீனா அதை வாங்கி நிலத்தில் வைத்தாள். பிறகு முதுகுப் பக்கம் கையை விட்டு, ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

கூத்து அத்தோடு முடியவில்லை. வலய விளையாட்டுப் போட்டிக்கு அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது, பெற்றோர் அணிக்கு! தில்லைநாதனே சிபாரிசு செய்திருந்தார். ஓடக் கூப்பிட வேண்டிய பிள்ளையை விட்டுவிட்டு, தொந்தி வைத்த தகப்பன்மாரைக் கூப்பிட்டார்கள். நீலச் சட்டை தைத்தார்கள், வான் பிடித்தார்கள். அணிக்கு முன்னால் பள்ளிக்கூடப் பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஒரு மாணவி வேண்டும் என்றதும், அதிபர் செலீனாவைச் சொன்னார். அவளுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கத்தான் வேண்டுமாம்.

"போகாதை," என்றாள் அன்ரோனெற்.

"போறன் அம்மா. அந்தக் கிறவுண்டை ஒருக்கால் பாக்கவேணும்."

தாயும் கூடப் போனாள். மன்னார் மைதானத்தில் பெற்றோர் அணி வரிசையில் நிற்க, செலீனா பலகையோடு முன்னால் நின்றாள். அவள் கண்முன்னாலேயே பெண்பிள்ளைகளின் ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் நடந்தது. ஒவ்வொரு சுற்றிலும் பிள்ளைகள் அவளைத் தொட்டுவிடுகிற தூரத்தில் ஓடிப்போனார்கள். அவள் அவர்களின் முகங்களைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தாள். பலகை மெல்ல மெல்லச் சரிந்தது.

"பலகையை நேராப் பிடி பிள்ளை, பேர் தெரியேல்லை!" என்று வலன்ரைன் பின்னாலிருந்து கத்தினான்.

ஓட்டம் முடிந்தது. முதலாவது வந்த பிள்ளை புல்லில் விழுந்து கிடந்தாள். செலீனா தாயின் பக்கம் திரும்பி, யாரையும் குற்றம் சொல்லாத குரலில், "நான் இவவை முந்தியிருப்பன், அம்மா," என்றாள்.

அன்ரோனெற் பலகையை வாங்கிப் புருசனின் கையில் கொடுத்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

தை மாதம் பிறந்தது. செலீனா கொம்பனியில் தாய்க்குப் பக்கத்து வாங்கில் இருந்து நண்டு உடைக்கப் பழகினாள். முதற் கிழமையே பெருவிரலில் ஆழமாக ஓடு ஏறிவிட்டது. துணி சுற்றிக்கொண்டு உடைத்தாள். கெட்டிக்காரி என்று மேற்பார்வைக்காரி சொன்னாள்.

மாசியில் அடுத்த போட்டிக்கான கூட்டம். பெற்றோரல்லாதவர் பெற்றோர் அணியில் இழுக்கக்கூடாது என்று கிறகரி சட்டம் கதைத்தான். வலன்ரைனுக்குத்தான் இப்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளை இல்லையே! ஆனால் ஊருக்குப் புத்தி பஞ்சமா? அதிபர் எழுந்து, வலன்ரைனின் சேவையைப் பாராட்டி அவனைப் பள்ளிக்கூடத்தின் 'கௌரவப் பெற்றோர்' ஆக்குவதாக அறிவித்தார். ஏகமனதாக நிறைவேறியது. மாலை போட்டார்கள்.

மாலையோடு வீட்டுக்குள் வந்து நின்றான் அவன். அன்ரோனெற் அடுப்படியில் இருந்தாள். செலீனா சுடுதண்ணீரில் கையை ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டியளே? என்னைக் கௌரவப் பெற்றோராக்கிப் போட்டினம்! இந்த வலயத்திலேயே நான்தான் முதல் ஆளாம்!"

அன்ரோனெற் திரும்பியும் பார்க்கவில்லை. செலீனாதான் தலையை நிமிர்த்தினாள்.

"பிள்ளை ஆரெண்டு சொன்னவையோ, அப்பா?"

வலன்ரைன் கொஞ்சம் யோசித்தான். "அதைப்பற்றி ஒண்டும் கதைக்கேல்லை," என்றான். பிறகு மாலையைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டு, தேத்தண்ணி ஊற்றச் சொன்னான்.