மணியோசையில் ஒரு ரம்பம்

இருபத்தொரு வருடம் ஒரு மரச்சாமான் கடையில் உட்கார்ந்து மற்றவர்களின் சமையலறைகளை வரைந்து கொடுத்தேன். கடையை இழுத்து மூடிய அன்று மேலாளர் என் கையில் ஒரு பூங்கொத்தைத் திணித்து, "அம்பத்தாறு வயசுல ஓய்வும் நல்லதுதானே" என்றார். பூங்கொத்தை வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஓய்வாம்! நான் என்ன பழைய குதிரையா?

எட்டு மாதம் விண்ணப்பம் போட்டேன். ஒன்றும் படியவில்லை. கடைசியில் பக்கத்து ஊரில் தச்சுப் பட்டறை நடத்தும் அல்முத் ரேன்ட்ஸ் கூப்பிட்டாள். வீட்டிலிருந்தே வரைந்து கொடுக்க அவளுக்கு ஆள் வேண்டும். ஒரு தேர்வு உண்டு. மூன்று வாரம் கழித்து, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, உண்மையான வாடிக்கையாளர்கள் அவள் பட்டறையில் திரைக்கு முன்னால் உட்காருவார்கள். நான் என் வீட்டிலிருந்து அவர்களை அவர்களுடைய புதுச் சமையலறைக்குள் நடத்திக் கூட்டிப்போக வேண்டும். ஜன்னலைத் தள்ளு என்றால் அந்த நொடியே தள்ள வேண்டும். ஒன்பது மணிக்கு இன்னொருவன் வருவான். வயது இருபத்தாறு. இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் வேலை.

என்னிடம் இருந்த மடிக்கணினி அந்த மென்பொருளைத் திறக்கவே பதினொரு நிமிடம் எடுத்தது. திறந்ததும், கிராபிக்ஸ் கார்டு இல்லை என்று சொல்லிவிட்டுச் செத்தது. புதுக் கணினி வாங்க எங்களுக்கு வக்கில்லை. என் கணவன் மென்னோ பேருந்து ஓட்டுகிறான். எட்டு மாதமாக அந்த ஒரு சம்பளத்தில்தான் வண்டி ஓடுகிறது.

ஆகவே எம்டன் நகரத்துக்குப் போனோம். பழைய அலுவலகக் கணினிகளைத் துடைத்து, சரிபார்த்து விற்கும் கடை ஒன்று துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிறது. அலுவலகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பழசைக் கழித்துக் கட்டிய சமயம் அது. கூரை வரை அடுக்கி வைத்திருந்தார்கள். கடைக்காரன் யெல்டோ ஒரு கறுப்புப் பெட்டியைத் தட்டிக் காட்டினான்.

"இது இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருந்தது. அஞ்சு வருஷமா ஒருத்தரும் இதை வேலை வாங்கல. புதுசு மாதிரி."

"கடைசி விலை சொல்லுங்க."

"எழுதியிருக்கிறதுதாங்க கடைசி விலை."

"அப்ப அதுக்கப்புறம் வர்ற விலையைச் சொல்லுங்க."

யெல்டோ மென்னோவைப் பார்த்தான். "வீட்டுலயும் இப்படித்தானா?"

"வீட்டுல இதைவிட மோசம்" என்றான் மென்னோ. "கொடுத்துருப்பா. நமக்கும் சாயங்காலம் ஆகுது."

எண்பத்தைந்து யூரோவுக்குப் பெட்டி என் கைக்கு வந்தது. கூடுதல் நினைவகத்துக்கு இரண்டு பட்டைகளும், எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத புது வட்டு ஒன்றும் அவனிடமே வாங்கினேன். மறுநாள் காலை உணவு மேசையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்கு முன் நான் கணினிக்குள் கைவிட்டதே கிடையாது. ஆனால் அலமாரிக் கதவுக்குக் கீல் பூட்டத் தெரிந்தவளுக்கு இது ஒரு வித்தையா? பட்டை இரண்டும் 'டக்' என்று உட்கார்ந்தன. வட்டைப் பொருத்தினேன். பொத்தானை அமுக்கினேன். பதினான்கு நொடியில் முகப்பு வந்து நின்றது.

"இப்ப நான் எப்ப டீ போடுறது?" என்றான் மென்னோ. "பழசுல நீ பொத்தானை அமுக்கினா நான் மூணு கோப்பை குடிச்சு முடிப்பேன்."

மிச்சம் இருந்தது கிராபிக்ஸ் கார்டுதான். பிரேமனில் ஒருவர் தன்னுடையதை விளம்பரத்தில் விற்றார். நீளம் இருபத்திமூன்று சென்டிமீட்டர் என்றார். நான் பெட்டிக்குள் அளவு நாடாவை விட்டு அளந்தேன். முன்சுவருக்கும் பின்சுவருக்கும் நடுவே இருபத்தொன்பது. தாராளம். பணத்தை அனுப்பினேன்.

பார்சல் வந்தது தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை. அந்த நேரம் பார்த்து நாங்கள் மென்னோவின் அக்கா வீட்டில் பிறந்தநாள் கேக் தின்றுகொண்டிருந்தோம். திரும்பி வந்தால் தபால் பெட்டியில் ஒரு சீட்டு: உங்கள் பார்சல் பக்கத்து வீட்டில் கொடுக்கப்பட்டது, தாமென்.

தாமென் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருப்பவர். வரி அலுவலகத்தில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள், சத்தமே கூடாது. இரண்டு வருடத்துக்கு முன் மென்னோ ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கு மாட்ட ஒரே ஒரு ஓட்டை போட்டான். எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரிக்கு அவரிடமிருந்து கடிதம் போய்விட்டது. அப்புறம் ஒரு ஞாயிறு நான் மரப்பலகையைச் சுத்தியால் தட்டினேன். இரண்டாவது கடிதம். மூன்றாவது வந்தால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரி சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமைகளில் தாமென் நோர்டனுக்குச் சீட்டாடப் போவார். ராத்திரி எட்டேகாலுக்குப் படிக்கட்டில் அவர் காலடி கேட்டது. எட்டு மணிக்கு மேல் அடுத்தவர் வீட்டு மணியை அடிப்பது அவர் அகராதியில் குற்றம். நாம் போய் அவர் மணியை அடித்தால் அது அதைவிடப் பெரிய குற்றம். என் கார்டு என் தலைக்கு மேலே, அவர் வீட்டில் தூங்கியது.

ஞாயிறு காலை சரியாக ஒன்பதுக்குக் கதவு மணி அடித்தது.

"திருமதி ஹைக்கென், உங்க பார்சல். நான் ஒண்ணும் தபால் ஆபீஸ் இல்லைங்கறதை நினைவுல வச்சுக்குங்க."

"ரொம்ப நன்றிங்க."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

"தெரியும்ங்க."

"போன தடவையும் தெரியும்னுதான் சொன்னீங்க."

கதவைச் சாத்திவிட்டுப் பார்சலைக் கிழித்தேன். கார்டை அதன் பள்ளத்துக்கு நேராகப் பிடித்தேன். உள்ளே போகவில்லை. இன்னொரு தடவை சாய்த்துப் பார்த்தேன். பெட்டியின் முன்பக்கம் பழைய வட்டுகளுக்காக ஒரு தகரக் கூண்டு, கழற்ற முடியாதபடி ரிவெட் அடித்து நிற்கிறது. கார்டின் முனை அதில் இரண்டு விரல் அகலத்துக்கு இடித்தது.

சுவருக்குச் சுவர் அளந்தேன். நடுவில் நின்ற கூண்டை அளக்கவில்லை. எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலமான தப்பு கிடையாது. சுவரை அளந்துவிட்டு மூலையில் ஓடும் தண்ணீர்க் குழாயை மறந்த புதுப் பையன்களை நானே எத்தனை பேரைக் கிழித்திருக்கிறேன்!

"இருபத்தோரு வருஷம் கிச்சன் அளந்தவ" என்று மென்னோ ஆரம்பித்தான்.

"வாயை மூடு."

"நான் ஒண்ணும் சொல்லலையே. பெட்டியே வேண்டாம், எல்லாத்தையும் ரொட்டி வெட்டுற பலகை மேல பரப்பி ஓட்டிடேன்."

"பத்து நிமிஷம் ஓடும். யாராவது தும்மினா வயர் கழண்டுக்கும். கூண்டை அறுக்கணும் மென்னோ. ரெண்டு வெட்டு, அவ்வளவுதான்."

"ஞாயித்துக்கிழமையா? இரும்பையா? மேல இருக்கிற ஆளு இப்பவே பேனாவைத் திறந்து வச்சிருப்பான்."

அன்று திறந்த கடை இல்லை. பட்டறை இல்லை. நாளைக் காலை எட்டு மணிக்கு அல்முத் திரையைத் திறப்பாள். நான் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. இது போனால் இனி யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஜன்னலுக்கு வெளியே, தெருவுக்கு எதிர்ப்பக்கம், தேவாலயக் கோபுரம் நின்றது. கடிகாரத்தில் ஒன்பது பத்து.

"பத்து மணி ஆராதனைக்கு எத்தனை மணிக்கு மணி அடிப்பாங்க?" என்றேன்.

"ஒன்பது அம்பதுக்கு. பத்து நிமிஷம் காது கிழியும்…" என்றவன் நிறுத்தினான். என்னைப் பார்த்தான். எழுந்து போய்ப் சாமான் அறையிலிருந்து இரும்பு ரம்பத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். இந்த மனிதனை ஏன் கட்டிக்கொண்டேன் என்று முப்பது வருடத்தில் பலமுறை யோசித்திருக்கிறேன். அன்று யோசிக்கவில்லை.

இரும்புத்தூள் பட்டால் உள்ளே எல்லாம் நாசம். தாய்ப்பலகையை, அதாவது மதர்போர்டை, கழற்றி ரொட்டிப் பலகை மேல் வைத்தேன். ஒவ்வொரு வயரும் எங்கிருந்து வந்தது என்று படம் எடுத்துக்கொண்டேன். வெறும் பெட்டியைக் குளியல் துண்டின் மேல் கிடத்தி, மென்னோ இரண்டு முழங்காலாலும் இறுக்கிப் பிடித்தான்.

முதல் மணி விழுந்தது. இரண்டாவது சேர்ந்தது. மூன்று மணியும் ஒன்றாக அடித்தபோது அலமாரியில் கண்ணாடிகள் அதிர்ந்தன. நான் அறுக்க ஆரம்பித்தேன்.

அலறியது தகரம். எனக்கே கேட்கவில்லை! ஐந்து நிமிடத்தில் முதல் வெட்டு முடிந்தது. இரண்டாவதில் பாதி போனபோது ரம்பத் தகடு முறிந்தது. மாற்றுத் தகட்டை மாட்டுவதற்குள் இரண்டு நிமிடம் போய்விட்டது. மறுபடி பாய்ந்தேன். வேர்த்து ஊற்றியது. திடீரென்று கோபுரம் அடங்கியது. என் ரம்பம் தனியாக ஒரே ஒரு இழுப்பு இழுத்து, அந்த அமைதியில் அப்பட்டமாகக் கேட்டது.

இருவரும் மூச்சு விடாமல் மேலே பார்த்தோம். ஒரு நாற்காலி நகர்ந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை.

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று மென்னோ கிசுகிசுத்தான்.

"ஒரு சென்டிமீட்டர்."

"வளைச்சு ஒடிச்சிடலாமா?"

வளைத்துப் பார்த்தான். பெட்டியே முறுக்கிக்கொள்ளப் பார்த்தது. விடச் சொன்னேன்.

"ஆராதனை முடியறப்ப பரமண்டல ஜெபத்துக்கு ஒத்தை மணி அடிப்பாங்க" என்றேன். கோயிலுக்கு வராதவர்களும் வீட்டில் இருந்தபடி கூடவே சொல்லட்டும் என்று அடிக்கும் மணி அது. நான் கோயிலுக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது.

ஐம்பது நிமிடம் ரம்பத்தைப் பள்ளத்தில் வைத்தபடி காத்திருந்தேன். பத்து ஐம்பத்திரண்டுக்கு அந்தப் பெரிய மணி ஒற்றையாய் அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு இழுப்பு. வாய் தானாக ஜெபத்தைச் சொல்லத் தொடங்கியது. சிறுவயதில் படித்தது எங்கே போகும்? அன்றாட அப்பத்தைக் கேட்கும் இடத்துக்கு வந்தபோது ஒரு இழுப்பைத் தவறவிட்டேன். இந்த மணியை யாருக்காக அடிக்கிறார்களோ, அந்த ஆள் அன்று நான்தான். அறுந்த கூண்டு கீழே விரித்த துண்டின்மேல் சத்தமில்லாமல் விழுந்தது.

பதினொன்றுக்குக் கதவு மணி அடித்தது. தாமென் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"திருமதி ஹைக்கென், தேவாலய மணிக்கு எப்பலேருந்து பல் முளைச்சுது?"

மென்னோ குறுக்கே புகுந்தான். "பதினொரு மணி ஆச்சே, டீ தயார். உட்காருங்க." எங்கள் ஊரில் பதினொரு மணித் தேநீரை மறுக்கிறவன் இன்னும் பிறக்கவில்லை, மூன்று கோப்பைக்கு முன்னால் எழுந்திருப்பதும் மரியாதை இல்லை. தாமென் உட்கார்ந்தார். சூடான டீ பட்டு கற்கண்டு கோப்பையில் வெடிப்பதைக் கேட்டார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு தாய்ப்பலகையைத் திருகிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது கோப்பையில் அவர் சொன்னார்: "அந்த மணியைப் பத்தி நான் பன்னெண்டு புகார் எழுதியிருக்கேன். ஒருத்தனும் பதில் போடல. மணி அடிக்கறப்ப என் காது ஏற்கனவே கெட்டாச்சு. அதுல நீங்க புதுசா என்னத்தைக் கெடுத்தீங்கன்னு நான் எப்படி எழுதறது?" மூன்றாவது கோப்பையை முடித்தார். "மணி நின்னப்புறம் ஒரு இழுப்பு கேட்டுது. ஒரு இழுப்புக்கெல்லாம் தபால்தலை ஒட்ட முடியாது."

அவர் போனபின் பொத்தானை அமுக்கினேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். திரையின் வயரைப் பழைய துளையிலேயே செருகியிருந்தேன், மடச்சி! பிடுங்கிப் புதுக் கார்டில் மாட்டினேன். வெளிச்சம் வந்தது. மென்பொருள் திறந்தது. நான் வரைந்த சமையலறைக்குள் தடங்கலே இல்லாமல் நடந்தேன், திரும்பினேன், ஓடினேன். மென்னோவைக் கட்டிக்கொண்டு கத்தினேன். அந்தச் சத்தத்துக்கு மேலிருந்து தாமென் ஒருமுறை தரையைத் தட்டினார்.

திங்கள் எட்டு மணி. என் திரையில் தெரிந்த பட்டறையில் அல்முத், அவள் பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும். கணவன் ஆறடிக்கு மேல். அவரே பேசினார்: அடுப்பை இங்கே, அலமாரியை அங்கே. சொன்னது சொன்ன நொடியில் நகர்ந்தது. மனைவி குள்ளம். அவள் வாயைத் திறக்கவில்லை. அரைமணி நேரம் கழித்து நான் அவரை நிறுத்தினேன்.

"மன்னிச்சுக்குங்க. யாரு சமைக்கிறது?"

"நான்தாங்க" என்றாள் அவள்.

"உருளைக்கிழங்கு எங்க நின்னு உரிப்பீங்க?"

"ஜன்னல்கிட்ட நிக்கத்தான் ஆசை. ஆனா மேடை எப்பவும் எனக்கு உயரம். எல்லா வீட்டுலயும் அப்படித்தான்."

ஜன்னலைக் கிழக்குப் பக்கம் தள்ளினேன். அதன் கீழ் மேடையைப் பத்து சென்டிமீட்டர் இறக்கினேன். பார்வையை அவள் கண் உயரத்துக்குக் கொண்டுவந்து, காலை வெயிலைத் திறந்துவிட்டேன். எண்பத்தைந்து யூரோ பெட்டி ஒரு முறைகூடத் திக்கவில்லை. அவள் திரையை நோக்கிக் குனிந்து, கையை அந்த மேடைமேல் வைப்பதுபோல் நீட்டினாள்.

"இது எனக்குன்னே போட்டது" என்றாள்.

அவர்கள் போனதும் அல்முத் திரைக்கு அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"புதன்கிழமை வந்து கையெழுத்துப் போட முடியுமா, ஹில்கா?"

"முடியும்" என்றேன்.

"சரி, வச்சிடறேன். ஒன்பது மணிக்கு வர்ற பையன் கிளம்பறதுக்குள்ள ஃபோன் பண்ணி வரவேண்டாம்னு சொல்லணும்."

பாவம் பையன் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரே ஒரு நிமிடம்தான்.