விசாரிக்க வந்தவள்

பலசரக்குக்கடைத் தில்லையம்பலம் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"தங்கச்சி, ஒரு வெள்ளைக்காரி கடைக்கு வந்து உங்களைப் பற்றி விசாரிக்கிறாள். எப்பிடியான ஆக்கள், மகள் எப்பிடி எண்டெல்லாம் கேக்கிறாள்."

தவநாயகி லண்டனில் ஃபாரஸ்ட் கேட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகியும் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவில்லை. மகள் வசந்தமலர் அடுத்த மாதம் கொலின் என்ற வெள்ளைக்காரப் பெடியனைக் கட்டப்போகிறாள். விசாவுக்காகக் கட்டுகிறாள் என்று எந்தக் கரிவாயோ விசா பார்க்கும் ஹோம் ஒபிஸில் மூட்டிக் கொடுத்திருக்க வேண்டும். ஏன், இந்தத் தில்லையம்பலமே மூட்டியிருந்தால்? தேத்தண்ணி கூடக் கொடுக்காமல் அவரை அனுப்பிவிட்டாள்.

மறுநாள் வாசல் மணி அடித்தது. சாம்பல் நிற மழைக்கோட்டில் ஒரு வெள்ளைக்காரி. தவநாயகி கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே, தெரிந்த இங்கிலிஷில், அந்த ஆட்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள் என்றாள். வந்தவள் இடுக்கு வழியே சுவரில் தொங்கிய வசந்தமலரின் பெரிய படத்தைப் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கொலின் இருவரையும் நோர்ஃபோக்கில் உள்ள தன் கிராமத்துக்குக் காரில் கூட்டிப்போனான். தாயில்லாத அவனை வளர்த்தது பெரியம்மா. அவள் கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் அதே மழைக்கோட்டு தொங்கியது.

தவநாயகி தன் வாயாலேயே மகளின் கலியாணத்தைக் கெடுத்துவிட்டாளே, பாவி!

"கவர்மென்ற் ஆள் எண்டு நினைச்சிட்டன். சொல்லு பிள்ளை, மன்னிக்கச் சொல்லிச் சொல்லு."

வசந்தமலர் சொன்னாள். பெரியம்மாவின் முகம் இளகவில்லை. அவள் பொரிந்து தள்ளியதை வசந்தமலர் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள்.

"அது பரவாயில்லையாம். ஆனா இந்த ஊரில ஒரு சம்பந்தம் எண்டால் ரெண்டு பக்கமும் விசாரிக்குமாம். லண்டனில இருந்து ஆள் வரும், உள்ளதைச் சொல்லுங்கோ எண்டு தபால்கந்தோரிலயும் சேர்ச்சிலயும் சொல்லி வைச்சவவாம். ஒருத்தரும் வரேல்லையாம். உங்களுக்கு மகளில அக்கறை இல்லையோ எண்டு கேக்கிறா."

தவநாயகிக்குச் சுருக்கென்றது. தங்கச்சியின் சம்பந்தத்துக்கு மூன்று ஊருக்கு ஆள் விட்டு விசாரித்தவள் அவள். வெள்ளைக்காரரிடம் விசாரிக்க என்ன இருக்கிறது என்று இந்த முறை பேசாமல் இருந்துவிட்டாள்.

கதிரையை இழுத்துப் பெரியம்மாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப கேள் பிள்ளை. பெடியன் குடிப்பானோ?"