இடது சக்கரத்தின் கிங்பின்

இடது முன்சக்கரம் ‘டக்’கென்றது.

ஜாக்கி போட்டுத் தூக்கிய சக்கரத்தின் தலையில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் கொடுத்து, பாவாத்தாள் இன்னொரு முறை உள்ளும் வெளியுமாக அசைத்தாள். மறுபடியும் ‘டக்’. மூன்று மாதத்தில் மூன்று தடவை அந்தச் சக்கரத்துக் கிங்பின்னுக்குப் புதுப் பேரிங் போட்டாகிவிட்டது. போட்ட அன்றைக்குக் கல்லுப்போல நிற்கும். இரண்டு தடவை மலையிறங்கி ஏறினால் இதே ஆட்டம், இதே சத்தம். வேகம் பிடித்தால் ஸ்டியரிங் வெடவெடவென்று நடுங்கிக் கையை உதறும்.

உண்மையில் இது இரண்டு பேர் பார்க்கிற வேலை. ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, இன்னொருவர் சக்கரத்தை ஆட்ட வேண்டும். பிரேக் பிடித்தால் சக்கரமும் அதைத் தாங்கும் கூடும் ஒன்றாக இறுகிக்கொள்ளும். அப்படியும் ஆடினால் கோளாறு சக்கரத்துப் பேரிங்கில் இல்லை, அதற்கு உள்ளே இருக்கிற கிங்பின்னில். கணவர் காளிச்சாமி இருந்தவரை அவர் ஆட்டுவார், இவள் மிதிப்பாள். அவர் போய் இரண்டு வருடமாகிறது. இப்போது பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் கழி முட்டுக்கொடுத்து நின்றது. ஆட்டிக்கொண்டே எட்டிப் பார்க்க முடியாது என்பதால் செங்கல்மேல் செல்போனைச் சாய்த்து வீடியோ எடுத்திருந்தாள். வீடியோவை ஓட்டிப் பார்த்ததில் மேல் கிங்பின் பக்கம் மயிரிழை அசைவு தெரிந்தது. ஓரத்தில் அவளுடைய முழங்கை வந்து வந்து போயிற்று. இரண்டு வருடத்தில் அவளை யாராவது படம் பிடித்தார்கள் என்றால் அது இதுதான்.

வண்டி பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய லாரி. நாலு சக்கரமும் இழுக்கும். ஆனைகட்டி மலையடிவாரத்திலிருந்து அவளுடைய நெல்லிக்காட்டுக்கு ஏறுகிற ஆறு கிலோமீட்டர் மண்தடத்தில், நடுவே ஒரு பள்ளத்துத் தண்ணீரைத் தாண்டி, வேறு வண்டி வராது. போன மழையில் லாரி படுத்துவிட, காய்ச்சலோடு ஒன்பது நாள் மேலேயே கிடந்தாள். அதற்கப்புறம்தான் மகள் லோகப்பிரியா சோமனூரிலிருந்து போனில் வாக்கு வாங்கினாள். அன்றைக்கும் கூப்பிட்டாள்.

“ஆனி பொறக்கறதுக்குள்ள வண்டி சரியாகலீன்னா காட்டைக் குத்தகைக்கு உட்டுப்போட்டு இங்க வந்தரோணும். நீங்க சொன்ன வார்த்தைங்கம்மா.”

“சொன்னனுங் கண்ணு. இல்லைங்கல.”

ஆனிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அடுத்த நாள் உக்கடத்தில் பழைய வண்டிச் சாமான் விற்கிற ஜபருல்லாவின் கடைக்குப் போனாள். அவர் நாலாவது பேரிங்கை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்கக்கா, இதைக் கொண்டுபோயி மாட்டுக்குத் தீனி போடறீங்களா?”

“உங்க பேரிங்குல கோளாறான்னு நானும் உங்களைத்தான் கேக்கோணும்.”

“அடப் போங்கக்கா. ஒரு பேரிங் தப்பா இருக்கலாம். மூணுமா தப்பா இருக்கும்? பின்னைப் பாருங்க. ஆனா இந்த வண்டிக்கு ஒரிஜினல் பின்னு கோயமுத்தூரு பூராச் சலிச்சாலும் கெடைக்காது. பவானில இதே மாதிரி ஒரு லாரி படுத்துக் கெடக்குது. நம்பர் தாரேன்.”

கிங்பின் ஒன்றும் மாயமில்லை. கதவுக்குக் கீல் மாதிரி. அச்சின் முனையில் ஓர் இரும்பு உருண்டை. அதை மூடிக்கொண்டு, சக்கரத்தைத் தாங்கும் கூடு. கூட்டின் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு குட்டைப் பின்கள் உருண்டைக்குள் இறங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் அந்தப் பின்களில்தான் திரும்புகிறது. ஒவ்வொரு பின்னைச் சுற்றியும் ஒரு பேரிங். மேல் பின்னுக்கு அடியில் காகிதம்போன்ற தகடுகளை வைத்தோ எடுத்தோ இறுக்கத்தைச் சரி செய்வார்கள். பாவாத்தாளுக்கு இதெல்லாம் மனப்பாடம். அவள் தகடு வைத்த கணக்கிலும் தப்பில்லை.

பவானியில் ஜமக்காளத் தறிப்பட்டறைக்குப் பின்னால் அந்த லாரி கிடந்தது. உடம்பெல்லாம் கொடி. பட்டறைக்காரர், “பின்னு மட்டும் போதுமுங்களா? லாரியவே ஓட்டிட்டுப் போயிருங்களேன்” என்று சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். துடைத்துப் பார்த்தபோது அவருக்கே சிரிப்பு நின்றுவிட்டது. பின் நடுவில் தேய்ந்து இடுப்புக் கட்டியிருந்தது. கண்ணுக்கே தெரிகிற தேய்மானம். ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. பின்னைத் துணியில் சுற்றி அதில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அடிவாரத்தில் இறங்கியதும் தையற்கடை வெங்கடலட்சுமி கூப்பிட்டாள். பேரன் காதுகுத்துக்குத் தைக்கக் கொடுத்த ஜாக்கெட் தயாராம். பாவாத்தாள் மறைப்புக்குள் போய்ப் போட்டுப் பார்த்தாள். தோளில் நிற்கவில்லை, சரிந்து சரிந்து விழுந்தது.

“நீங்க குடுத்த அளவு ஜாக்கெட்டுக்கு ஒரு நூல் பிசகாமத் தச்சிருக்கறனுங்கக்கா” என்றாள் வெங்கடலட்சுமி. “அது எப்பத்ததுங்க?”

“அவரு இருக்கறப்ப தச்சது.”

 வெங்கடலட்சுமி அளவு ஜாக்கெட்டைச் சுருட்டி ஓரமாகப் போட்டாள். “இது வேண்டாம். பழச அளந்து பழசத்தான் தைக்க முடியும். கையைத் தூக்குங்க, ஆளை அளந்துக்கறேன்.”

டேப்பு மார்பைச் சுற்றியது; தோளில் அவள் விரல் அழுந்தியது. இன்னொரு மனுசர் கை தன்மேல் பட்டு எத்தனை நாளாயிற்று என்று பாவாத்தாளுக்கு நினைவு வரவில்லை. அளந்து முடிந்த பிறகும் கையைத் தூக்கியபடியே நின்றாள்.

“முடிஞ்சுதுங்கக்கா. எறக்குங்க.”

மறுநாள் காலையில் வண்டிக் கொட்டகைக்குப் போனபோதுதான் கதவில் கரியால் எழுதியிருந்ததைப் படித்தாள். தினமும் கண்ணில் படுவதுதான். காளிச்சாமியின் கோணல் எழுத்து. ‘இடது மேல் பின். கணபதி லேத். சாம்பிள் கொடுத்துச் செய்தது.’ பள்ளத்துத் தண்ணீர் உள்ளே இறங்கிப் பேரிங் இறுகிப்போன வருடம் அது. பேரிங்கின் உள்வளையம் பின்னோடு சேர்ந்து நிற்காமல் தனியாகச் சுற்றி, பின்னைத் தின்றிருந்தது. அப்படித் தேய்ந்த பின்னைத்தான் அவர் சாம்பிளாகக் கொடுத்திருக்கிறார். கோயமுத்தூரில் எல்லாரும் செய்வதுதான்: சாம்பிளைக் கொடுத்தால் லேத்துக்காரர் இரும்பைக் கடைந்து அச்சு அசலாக இறக்கிவிடுவார். தேய்மானத்தையும் சேர்த்து.

பாவாத்தாள் லாரியிலிருந்து பின்னைக் கழற்றினாள். எப்போதும் அவர் செய்த மாதிரியே கிரீஸை அப்பித்தான் பேரிங்கை ஏற்றுவாள். கிரீஸ் இடைவெளியை மூடிக்கொள்ளும். கைக்கு இறுக்கமாகத் தெரியும். இந்தத் தடவை பின், பேரிங் இரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, காய்ந்த பின்னில் புதுப் பேரிங்கைக் கோத்தாள். அது சாய்ந்தது. ஆட்டினாள். கைக்குள்ளே ‘டக்’.

கோயமுத்தூர் கணபதியில் இப்போது அந்த லேத் பட்டறையை ஓட்டுவது தமிழ்வேந்தன். பழைய பின்னைப் பார்த்ததும் தடிமன் அளக்கிற வெர்னியரை எடுத்தான். “சாம்பிள் இதுதானுங்களாம்மா?”

“நீளத்துக்கும் போல்ட்டு ஓட்டைக்கும் அது. தடிமனுக்கு இது.” புதுப் பேரிங்கை வைத்தாள்.

“ஏனுங்கம்மா, பேரிங்கு ஓட்டையக் கொண்டாந்து சாம்பிள்ங்கறீங்க!”

“அந்த ஓட்டைக்குள்ள நிக்கோணும், அதான் கேக்கறேன். கிரீஸ் போடாம, கையில போட்டா எறங்கப்படாது. தட்டித்தான் எறக்கோணும்.”

அவன் பேரிங்கின் உள்வாயை அளந்தான். பழைய பின்னை அளந்தான். இன்னொரு தடவை அளந்தான். “கால் மில்லி கம்மிங்கம்மா” என்றான், சிரிப்பில்லாமல்.

வைகாசியின் கடைசி வாரம் மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் தண்ணீர் ஓட, பாவாத்தாள் புதுப் பின் போட்ட லாரியில் ஐந்து தடவை நெல்லிக்காய் ஏற்றி இறங்கினாள். பிறகு கொட்டகையில் ஜாக்கி வைத்து, மூங்கில் கழியை முட்டுக்கொடுத்து, சக்கரத்தை ஆட்டினாள். சத்தமில்லை. செல்போனில் ஓட்டிப் பார்த்தாள். அவளுடைய முழங்கை மட்டும் அசைந்தது.

மகளைக் கூப்பிட்டாள். “காதுகுத்துக்கு வாரேன் கண்ணு. ரெண்டு நாள் இருப்பேன். அப்பறம் இங்க நம்ம ஊட்டுக்கு வந்தரோணும்.”

லோகப்பிரியா கேட்டாள்: “வண்டி ஆட்டம் நின்னுருச்சுங்களா?”

“வண்டி ஓடுதுங் கண்ணு.”

போனை வைத்ததும் கொட்டகை அமைதியாகிவிட்டது. ஒரு கரித்துண்டு எடுத்து, காளிச்சாமியின் எழுத்துக்குக் கீழே அதே அளவில் எழுதினாள்:

‘இடது மேல் பின். நீளத்துக்குப் பழைய பின்னைக் கொடுக்கவும். தடிமனுக்குப் புதுப் பேரிங்கைக் கொடுக்கவும்.’