ஹெர்ரெமோவின் மக்கள்தொகை

வாய்க்கரிசிக்கு எடுத்த அரிசியை அடுத்த வீட்டுப் பத்மாவிடம் கொடுத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்தபடி அனுசூயா டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தாள். கோட்-டெ-நெய்ஜ் பகுதியின் அந்த இரண்டு அறை வீட்டில் மாண்ட்ரியாலின் பாதித் தமிழர்கள் கூடியிருந்தார்கள். அதாவது பதினோரு பேர். பதினோரு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை நிறுத்தினார்கள்.

"அக்கா, மூணு மணிக்கு ஃபியூனரல் ஹோம்ல இருக்கணும். இப்பப் போயி டைப் அடிக்கிறீங்களே!"

"அவர் எங்கயும் போயிட மாட்டார், பத்மா. புத்தகம் போயிடும்."

"அச்சகத்தை ஒரு மணிக்குப் பூட்டிடுவான்," என்றார் அனுசூயாவின் கணவரோடு வேலை பார்த்த கோவிந்தராஜன். அவர் கோட்டிலிருந்து பனி உருகிக் கம்பளத்தில் சொட்டியது.

நேற்று விடியற்காலை மாரடைப்பில் போய்ச் சேரும்வரை அவள் கணவர் மணிவாசகம் ஒன்பது வருஷமாக எழுதிய புத்தகம் அது. சுவீடனில் ஹெர்ரெமோ என்றொரு குட்டி ஊராட்சியின் முழு வரலாறு. ஏரி பன்னிரண்டு, தேவாலயம் ஒன்று. மாடுகளுக்கு ஓட்டுரிமை இருந்திருந்தால் ஒரு பசுதான் தலைவியாகியிருக்கும். புவியியல் பேராசிரியரான அவர் அங்கே ஒரு நாளும் கால் வைத்ததில்லை. ஆனால் அந்த ஊர்த் தபால்காரர் எந்த வீட்டு நாய்க்குப் பயப்படுவார் என்பது வரை அவருக்குத் தெரியும். ஆறு தடவை டைப் அடித்ததில் அனுசூயாவுக்கும் தெரியும். நாத்தனார் பிள்ளைகளின் பெயர்கள் மறந்துபோயின. அந்த நாயின் பெயர் மறக்கவில்லை.

வருகிற ஜனவரியில், எழுபத்து நாலு பிறந்ததும், ஹெர்ரெமோவைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுகிறார்கள். அதற்கு முந்திய ஊராட்சியின் கடைசிக் கூட்டத்தில் வீட்டுக்கொரு பிரதி கிடைக்கும் என்று மணிவாசகம் கடிதத்தில் வாக்குக் கொடுத்திருந்தார். இன்று அச்சுக்குப் போகாவிட்டால் இல்லாத ஊருக்குத்தான் புத்தகம். மிச்சம் ஒரே ஒரு காலி இடம், மக்கள்தொகை. ஊராட்சி எழுத்தரின் பதில் தந்தி காலையில்தான் வந்தது, மணிவாசகத்தின் பெயருக்கு.

கோவிந்தராஜன் அதைப் படித்தார். "ரெண்டாயிரத்து நானூத்திப் பதிமூணு. நேத்து ராத்திரி படகுக்காரர் நில்ஸ் காலமானார். ஆகவே ரெண்டாயிரத்து நானூத்திப் பன்னெண்டு."

அனுசூயாவின் விரல்கள் நின்றன. நாலாம் அத்தியாயத்து நில்ஸ். கல்யாணப் பெண்ணையும் ஒரு காளையையும் ஒரே நடையில் அக்கரை சேர்த்தவர்.

அவள் டைப் அடித்தாள்: 2,413.

"அண்ணி, பன்னெண்டு. ஒருத்தர் போயிட்டாரே."

"தெரியும்."

"அண்ணன் இருந்திருந்தா தப்பு நம்பரை விடமாட்டார்."

"விடமாட்டார்தான்." அவள் தாளை உருவி அவரிடம் நீட்டினாள். "இன்னிக்கு ஒருத்தர் போதும், தம்பி. கொண்டுபோய்க் குடுங்க."

அவர் தாளைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு படியிறங்கினார். அனுசூயா எழுந்திருக்கவில்லை. குனியக்கூட முடியாதவளைப்போல் இருந்தாள். பத்மா தரையில் மண்டியிட்டு, அவள் பாதத்தைப் பனி பூட்ஸுக்குள் நுழைத்து, கயிற்றை முடிந்தாள்.

"அடுத்த காலைக் குடுங்க அக்கா."

கொடுத்தாள்.